ஆட்டக்கூடாத இடம்

எங்கள் ஊரில் கடல் கிடையாது, ஆனால் துறைமுகம் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில்கூட ரயில்வே ஸ்டேஷன் கிடையாது, ஆனால் எங்கள் ஊர் எல்லை வரைக்கும் தண்டவாளம் வந்துவிட்டது. அதில் நாங்கள் ஏற முடியாது. கண்டெய்னர் மட்டும்தான் ஏறும். நாங்கள் தாம்பரம் போக வேண்டுமென்றால் படப்பை வழியாக ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து போக வேண்டும். கார் பாகங்கள் மட்டும் நசுங்காமல் கொள்ளாமல் ரயிலில் போகின்றன.

அந்தத் துறைமுகத்துக்கு 'ட்ரை போர்ட்' என்று பெயர். காய்ந்த துறைமுகம் என்று அர்த்தமாம். வாசலில் பெரிய நங்கூரம்கூட வைத்திருக்கிறார்கள். கடலையே பார்க்காத நங்கூரம். ஏதோ ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்துக் கொண்டுவந்து நட்டது. நான் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலில் துடைக்கச் சொன்னது அதைத்தான். எட்டாவதோடு நின்றவளுக்கு வேறு என்ன கொடுப்பார்கள்? துடைத்தேன்.

காய்ந்த துறைமுகம் இருக்கிற இடம் முன்பு தாங்கல். மழைத் தண்ணீர் நிற்கிற சின்ன ஏரியை எங்கள் பக்கம் தாங்கல் என்போம். நினைத்து நினைத்து ஏங்கும்படி அதில் பெரிய அழகு ஒன்றும் கிடையாது. பாதி சீமைக் கருவேலம், மீதி பிளாஸ்டிக் கவர். கரை மேல் கன்னிமார் சாமி இருந்தார்கள். ஏழு கல், மஞ்சள் பூசி வரிசையாக நட்டது. ஏழும் பொம்பள சாமி. அவ்வளவுதான் அந்த இடத்தின் விசேஷம்.

ஒருநாள் டிப்பர் லாரிகள் வந்தன. ஏழு கல்லையும் பூஜை போட்டுத் தூக்கி, ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் வைத்தார்கள். பிறகு கரையை வெட்டித் தள்ளிவிட்டு, தாங்கலை மண் போட்டு நிரப்ப ஆரம்பித்தார்கள். அந்த வேலையில்தான் என் அண்ணன் ரோலர் ஆபரேட்டராகச் சேர்ந்தான்.

அவன் ஓட்டியது சும்மா உருளுகிற ரோலர் இல்லை. வைப்ரேஷன் ரோலர். முன்னால் இருக்கிற இரும்பு உருளை, சுவிட்சைப் போட்டால் திடுதிடுவென்று ஆடும். மண்ணை ஒரு தட்டு, அதாவது ஒரு அடுக்கு, கொட்டி, தண்ணீர் அடித்து, அதன் மேல் அந்த ரோலரை ஆட்டி ஆட்டி ஓட்டினால்தான் மண் இறுகும். பிறகு அடுத்த தட்டு. சாயங்காலம் வூட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போதும் அவன் கை லேசாக ஆடிக்கொண்டிருக்கும். டம்ளரில் தண்ணீர் தளும்பும்.

"இன்னா அண்ணே, குடிச்சிட்டு வந்தியா?" என்பேன்.

"ஊருக்கே தரை போட்டுகினு கீறேன்டி. நாளைக்கு ரயிலு நிக்கும் அது மேல. மரியாதையா பேசு."

அம்மாவுக்கு அவன் அந்த வேலைக்குப் போனது பிடிக்கவில்லை. "கன்னிமாரு எடத்துல வண்டி ஏத்தாதடா, ஆவாது," என்று தினமும் சொல்வாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அண்ணன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னான்.

"பாப்பா, ஒண்ணு சொல்றேன். அம்மாகிட்ட வாய வுடாத."

"லவ்வா?"

"அட ச்சீ. கேளுடி. கன்னிமாரு இருந்த எடம் கீதுல்ல, அங்க வந்தா மட்டும் வைப்ரேஷன ஆஃப் பண்ணிடுவேன். சும்மா மெதுவா உருட்டிகினு போயிடுவேன்."

"ஏன், சாமி தூங்குதா?"

"தூங்குதோ முழிச்சிகினு கீதோ, எனக்கின்னா தெரியும்? இடுப்பு ஒடியற மாதிரி ஆட்டும்டி அந்த வண்டி. எனக்கே தாங்கல. பொம்பள சாமிங்க, பாவம்."

"சாமிங்கதான் தகரக் கொட்டாயில கீதே. அங்க ஏது இப்ப?"

"கல்லத்தான் தூக்கினு போனாங்க. எடத்த எங்க தூக்கினு போறது?"

"அப்ப இத அம்மாகிட்ட சொன்னா சந்தோசப்படுமே."

"சந்தோசப்பட்டு ஊரு பூரா சொல்லும். மேஸ்திரி காதுக்குப் போச்சுன்னா என்ன வூட்டுக்கு அனுப்பிடுவான். நீ கம்முனு துன்னு."

நான் கம்மென்று சாப்பிட்டேன். அதில் பெரிய விஷயம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தாங்கல் நிரம்பித் தரை ஆகி, தண்டவாளம் வந்து, நங்கூரம் நட்டு முடித்த பிறகு அண்ணன் ஒரகடம் பக்கம் வேறு சைட்டுக்குப் போனான். போன மழைக்காலத்தில் ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது ரோட்டில் மழைத் தண்ணீர் மூடிய பள்ளத்தில் வண்டி இறங்கியது. பின்னால் வண்டியில் வந்தவர் பிரேக் போட்டாராம், நிற்கவில்லை. ஒரு தாங்கலையே நிரப்பியவன், யாரும் நிரப்பாத ஒரு பள்ளத்தில் விழுந்து செத்தான். இதை யாரிடமாவது சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நானாகச் சோடித்துச் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் ரோட்டைத் திட்டினார்கள், மழையைத் திட்டினார்கள். அம்மா யாரையும் திட்டவில்லை. அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

"கன்னிமாரு மேல வண்டிய ஏத்தி ஆட்டனான். அவங்க கூட்டினு போயிட்டாங்க."

வெள்ளிக்கிழமைதோறும் தகரக் கொட்டகைக்குப் போவாள். ஏழு கல்லுக்கும் தனித்தனியாகக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். "தெரியாம பண்ணிட்டான் தாயி, மன்னிச்சிடு." கன்னம் சிவந்துபோகும். வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடுவாள், தட்டை நகர்த்திவிடுவாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "அம்மா, அவன் அங்க ஆட்டல. அந்த எடம் வந்தா ஆஃப் பண்ணிடுவான். எங்கிட்ட சொன்னான்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நன்றிகூட இருந்தது, நம்பிக்கைதான் இல்லை.

"எனக்கு ஆறுதலு சொல்றதுக்குனு நீயா கத கட்டாதடி. போயி தண்ணி மோட்டார போடு."

சாட்சிக்கு அவன் இல்லை. நான் சொன்னால் கதை. அதற்கு மேல் என்ன செய்வது? ஆனால் மனசுக்குள் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாவை எப்படியாவது நம்ப வைக்க வேண்டும். அவன் சாமியை ஆட்டவில்லை.

கண்டெய்னர் அடுக்குகிற அந்தத் துறைமுக யார்டில் நான் வேலைக்குச் சேர்ந்ததற்கும் அவன்தான் காரணம். மற்றவர்களுக்கு இறந்துபோனவர்களின் சட்டை இருக்கும், போட்டோ இருக்கும். எனக்கு அவ்வளவு பெரிய தரையே இருந்தது. தினமும் அதன் மேல் நடக்கலாம், பெருக்கலாம். கண்டெய்னரை அடுக்கடுக்காக ஏற்றுவார்கள், தரை அசையாது. எங்கள் சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர், ஒரகடத்தில் நாலைந்து பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர். அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"சார், இந்தத் தரை எங்க அண்ணன் போட்டது."

"அப்படியாம்மா? அப்போ பெருக்கும்போது ஒழுங்காப் பெருக்கணும்லா? அந்த மூலையில டீக் கப்பு கெடக்கு பாரு."

அவர் கெட்டவர் இல்லை. தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போக வேண்டும். யார்டில் இரண்டாவது தண்டவாளம் போடுகிற வேலை தொடங்கினால்தான் லீவு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதனால் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டாவது தண்டவாளத்தால்தான் பூகம்பம் எங்கள் ஊருக்கு வந்தது. அதாவது, பூகம்பம் வரவில்லை, அதைப் பற்றின பேச்சு வந்தது. நிரப்பின மண்ணில் கட்டிய ரயில் பாதையும் துறைமுகமும் பூகம்பம் வந்தால் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள்.

"இங்கயா பூகம்பம் வரப்போவுது?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். "கம்பெனி பஸ்ஸு போனாலே வூடு ஆடுது. பூகம்பம் வந்தா யாருக்குத் தெரியும்? பஸ்ஸு லேட்டா போவுதுனு நெனச்சிக்குவோம்."

முதலில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். டை கட்டினவர் ஒருவர் வந்து திரையில் படம் காட்டினார். பூமி ஆடினால் உடனே மேசைக்கு அடியில் போய் உட்கார வேண்டுமாம். ஆபீசில் இருக்கிறவர்களுக்குச் சரி. யார்டில் நிற்கிற எங்களுக்கு மேசை எது? கையில் துடைப்பம்தான் இருந்தது. சூப்பர்வைசர் எழுந்து கேட்டார்.

"சார், நாங்க கண்டெய்னருக்கு அடியில உக்காரலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். டை கட்டினவர் சிரிக்கவில்லை. ஆட்டம் நின்றதும் எல்லோரும் அசெம்ப்ளி பாயிண்டுக்கு ஓட வேண்டும் என்றார். ஆபத்து வந்தால் எல்லோரும் கூடி நிற்பதற்கு என்று பச்சை போர்டு வைத்த இடம் அது. மறுபடி மறுபடி பூமி ஆடலாம், அதனால் மேலே எதுவும் விழாத திறந்தவெளிதான் பத்திரமாம்.

சைரன் அடித்துப் பழக விட்டார்கள். எல்லோரும் செருப்பு தெறிக்க ஓடினோம். மூச்சு வாங்க நின்று, பச்சை போர்டைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், தகரக் கொட்டகை தெரிந்தது.

நான் நின்றுகொண்டிருந்தது, கன்னிமார் முன்பு இருந்த இடம்.

யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமே இல்லை. யார்டு முழுக்க அந்த ஒரு இடத்தில்தான் மழை பெய்தால் தண்ணீர் தேங்கும், நடந்தால் கால் லேசாகப் பதியும். அதனால் அங்கே யாரும் கண்டெய்னர் வைப்பதில்லை. கண்டெய்னர் இல்லாததால் திறந்தவெளி. திறந்தவெளியானதால் பச்சை போர்டு. பூமி ஆடினால் எல்லோரும் போய் நிற்க வேண்டும் என்று அவர்கள் எழுதி வைத்திருந்தது, என் அண்ணன் ஆட்டாமல் விட்ட இடத்தை.

அப்போதுகூட எனக்குச் சந்தோஷம்தான். பார்த்தாயா, கால் பதிகிறது, அவன் ஆட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கால் பதிவதில் என்ன கெடுதல் இருக்கிறது என்று எனக்கு ஒரு பெண் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவர் மண்ணைச் சோதிக்க வந்த இன்ஜினியர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் யார்டு அமர்க்களப்பட்டது. முந்தின நாளே தண்ணீர் லாரி வரவழைத்துத் தரை முழுக்கத் தெளித்தார்கள். வாடகைக்கு ஒரு ரோலரைக் கொண்டுவந்து, மேலாக ஓட்டி மழமழவென்று ஆக்கினார்கள். ஓரமெல்லாம் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். மந்திரி வருகைக்குச் செய்கிற அத்தனையும் செய்தார்கள், வாழை மரம் ஒன்றுதான் பாக்கி.

இன்ஜினியர் வந்து இறங்கி, தரையைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா நான் பாக்க வந்தது கீழ இருக்கறத."

"கீழயும் இப்படித்தான் மேடம் இருக்கும்," என்றார் சூப்பர்வைசர், தானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி.

முக்காலி போல மூன்று இரும்புக் கால் நிறுத்தி, கயிறு கட்டி, ஒரு கனமான இரும்பு எடையைத் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். அது நேராக ஒரு குழாயின் தலையில் விழும். குழாய் மண்ணுக்குள் இறங்கும். கெட்டி மண் என்றால் நிறைய அடி வாங்கிக் கொஞ்சமாக இறங்கும். இளகின மண் என்றால் கொஞ்சம் அடியிலேயே சரசரவென்று போய்விடும். இவ்வளவுதான் சோதனை. டீ கொண்டுபோன எனக்கே புரிந்துவிட்டது.

முதல் குழி போட்டபோது நான் ஆபீஸ் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ணங், ணங் என்று சத்தம். நான் விரல் விட்டு எண்ணினேன். விரல் தீர்ந்துபோனது, குழாய் இன்னும் இறங்கவில்லை. அப்படியே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. அண்ணன் போட்ட மண் அடி வாங்கிக்கொண்டு நிற்கிறது. அடுத்த குழியும் அப்படியே, அதற்கடுத்ததும்.

"உங்க அண்ணன் நல்லாத்தான் போட்டுருக்கான் தாயி," என்றார் சூப்பர்வைசர். அவர் முகத்தில் தங்கை கல்யாணம் தெரிந்தது.

டீ குடிக்கும்போது இன்ஜினியரிடம் கேட்டேன். "மேடம், பூகம்பத்துல மண்ணு இன்னா ஆவும்? ஆடும், அவ்ளோதானே?"

அவர் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவை எடுக்கச் சொன்னார். அதில் மணலைத் தளர்வாகக் கொட்டி, ததும்பாத அளவுக்குத் தண்ணீர் ஊற்றினார். மேலே ஒரு பெரிய போல்ட்டை நிறுத்தி வைத்தார். போல்ட் கம்பீரமாக நின்றது.

"இப்ப டப்பாவ பக்கத்துல தட்டு."

தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. தொடர்ந்து தட்டினேன். திடீரென்று மணல் கூழ் மாதிரி ஆனது. தண்ணீர் மேலே வந்தது. போல்ட் சாய்ந்து, முழுகிப் போனது.

"இறுகாத மண்ணு, உள்ள தண்ணி. ஆட்டினா இப்படித்தான் ஆகும். தண்டவாளம் இருந்தா பாம்பு மாதிரி நெளிஞ்சிடும். கடலோரத் துறைமுகம்னா சுவரே கடல் பக்கம் சாயும்."

"இங்கதான் கடல் இல்லயே மேடம்."

"ஏரி இருக்கே. மண்ணு போட்டா ஏரி போயிடுமா? தண்ணி கீழதான் இருக்கு." பிறகு ரோலரைக் காட்டினார். "அதுக்குத்தான் நிரப்பும்போதே நல்லா ஆட்டி இறுக்கறது. நாம முதல்லயே ஆட்டி வெச்சிட்டா, அப்புறம் பூமி ஆட்டும்போது தாங்கும்."

நான் டப்பாவுக்குள் கையை விட்டுப் போல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆட்டக்கூடாது என்று அவன் பாவம் பார்த்து விட்ட இடம்தான், பூமி ஆடினால் முதலில் கூழாகிற இடம். பச்சை போர்டைப் பார்த்து எல்லோரும் அங்கேதான் ஓடி வருவார்கள்.

இன்னும் ஒரு குழிதான் பாக்கி. எங்கே போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர், ஆபீஸ் பக்கம் கையைக் காட்டினார். அங்கே போட்டால் ணங் ணங் என்று கேட்கும், அவர் ஊருக்குப் போவார், என் அண்ணன் பெயரும் நல்லபடியாக இருக்கும். பச்சை போர்டு பக்கத்தில் போட்டால் அவன் வேலை சரியில்லை என்று ஆகும். ஆனால் அவன் ஆட்டவில்லை என்பதற்கு உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. அந்த மண் ஒன்றுதான் சாட்சி. சைரன் அடித்தால் நானும் அங்கேதான் நிற்க வேண்டும் என்பதும் கொஞ்சம் உறைத்தது. பொய் சொல்வானேன்.

"மேடம், அங்க போடுங்க. அந்தப் பச்ச போர்டாண்ட."

"ஏன்?"

"கால் வெச்சா பதியுது மேடம். மழைக்குத் தண்ணி நிக்குது."

"நானும் பாத்தேன்," என்றார் அவர். "நாளைக்கு அங்க போடலாம்."

சூப்பர்வைசர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏம்மா, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணுனேன்? என் தங்கச்சி கல்யாணத்துல மண்ண அள்ளிப் போடுதியே?"

"சாரி சார்," என்றேன். அவருக்கும் ஒரு தங்கை, நானும் ஒரு தங்கை. என்ன செய்வது?

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா கொட்டகைக்கு வருகிற நாள். முக்காலியை நிறுத்தி, எடையைத் தூக்கியபோதே வேலிக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. அம்மா கற்பூரத் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்து கம்பி வலையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், அங்க குத்தாதீங்கடா! கன்னிமாரு எடம்டா அது! எம்புள்ளய வாங்கினது போதாதா?"

நான் வேலியண்டை ஓடினேன். "அம்மா, கம்முனு இரு. ஒரு நிமிசம் பாரு."

"நீயும் இதுக்குக் கூட்டாடி?"

எடை விழுந்தது. ணங் என்று கேட்கவில்லை. சேற்றில் செருப்பு விழுந்த மாதிரி ஒரு சத்தம். குழாய் பொதுக்கென்று இறங்கியது. இரண்டாவது அடிக்கு இன்னும் ஆழம் போனது. மூன்றாவதற்குத் தூக்குவதற்குள் அதுவாகவே கொஞ்சம் இறங்கியது. கயிறு பிடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினார்.

"எந்தப் பய இங்கன ரோலர் ஓட்டுனான்? சுத்தியும் கல்லு மாதிரி இருக்கு, இங்கன மட்டும் அல்வா மாதிரி இருக்கு! வைப்ரேஷனே போடாம ஓட்டிருக்கான் மேடம்!"

அம்மாவின் கை கம்பி வலையில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அப்போது அவள் போட்ட சத்தம் யார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

"எம்புள்ளதாங்க! எம்புள்ளதான் ஓட்டனான்! எம்புள்ள ஆட்டல!"

ஒரு தாய் தன் மகன் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அவ்வளவு சந்தோஷமாகக் கத்தி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சூப்பர்வைசர் வாயைத் திறந்தபடி நின்றார். செத்துப்போனவனைத் திட்டிவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இன்ஜினியர் குழாயை மெதுவாக மேலே எடுக்கச் சொன்னார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவோடு நானும் கொட்டகைக்குப் போனேன். அவள் கற்பூரம் ஏற்றினாள். கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. ஏழு கல்லையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அவன் ஆட்டலன்னு தெரிஞ்சிபோச்சில்ல? பாவம் பாத்துதானே வுட்டான்? அப்பறம் இன்னாத்துக்குடி கூட்டினு போனீங்க?"

நான் அவளிடமிருந்து ஒரு காரணத்தைப் பிடுங்கிவிட்டேன், பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவள் சண்டைக்காரியாகிவிட்டாள். ஆனால் அன்றைக்கு ராத்திரி இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டாள். சண்டை போடத் தெம்பு வேண்டுமில்லையா?

பச்சை போர்டைப் பிடுங்கி, ஆபீஸ் பக்கம், அண்ணன் ஆட்டி இறுக்கின இடத்தில் நட்டார்கள். பழைய இடத்து மண்ணை ஆழமாகத் தோண்டி எடுத்து, புது மண் கொட்டி, தட்டுத் தட்டாக இறுக்க வேண்டும் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சூப்பர்வைசருக்கு லீவு தள்ளிப்போனது, ஆனால் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். திரும்பி வந்தபோது எனக்கும் அம்மாவுக்கும் ஒரு டப்பா அல்வா கொண்டுவந்தார். கொடுக்கும்போதுதான் அன்று சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

புது மண்ணை இறுக்க ஒரு ரோலர் வந்தது. ஓட்டியவன் ஒடிசாக்காரப் பையன், என் வயதுதான் இருப்பான். அம்மா வேலிக்கு வெளியே வந்து நின்றாள். ரோலர் திடுதிடுவென்று ஆடிக்கொண்டு வந்தது. தரை வழியாக அந்த ஆட்டம் கொட்டகை வரைக்கும் போனது. தகரம் நடுங்கியது. சாமி முன்னால் கட்டியிருந்த சின்ன மணி தானாக அடிக்க ஆரம்பித்தது.

பையன் மணிச் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். மஞ்சள் பூசின கற்களைப் பார்த்தான், பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தான். யாரும் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவனாகவே கையை நீட்டி சுவிட்சை அணைத்தான். ஆட்டம் நின்றது. நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பூ மேல் போகிற மாதிரி மெதுவாக உருட்டிக்கொண்டு போனான்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்டித்தான் பண்ணானா?" என்று கேட்டாள்.

"இப்டித்தாம்மா."

தூரத்திலிருந்து சூப்பர்வைசர் கையை வீசிக்கொண்டு ஓடி வந்தார். "ஏல, வைப்ரேஷன் போடுல! மறுபடியும் மொதல்லேருந்தா?" பையனுக்குத் தமிழ் தெரியாது. இவர் ஏன் கத்துகிறார் என்று பயந்து, ரோலரை அப்படியே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான். வேலை போய்விடும் என்கிற பயம் எந்தப் பாஷையிலும் முகத்தில் தெரியும்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேலியண்டை போய், கம்பிக்கு மேல் கையைத் தூக்கி, அவனுக்குத் தெரிகிற மாதிரி ஆட்டிக் காட்டினாள்.

"ஆட்டு நைனா. பரவால்ல, நல்லா ஆட்டு. சாமிங்கள நான் பாத்துக்கறேன்."

பையன் அவளைப் பார்த்தான், சூப்பர்வைசரைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். அவள் கையை இன்னும் பலமாக ஆட்டினாள். சுவிட்சைப் போட்டான். தரை ஆடியது, தகரம் ஆடியது, எங்கள் கால் ஆடியது. மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா மணியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தப் பையன் கடைசித் தட்டை முடித்து, வண்டியை விட்டு நல்லபடியாகக் கீழே இறங்குகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.